உள்பக்கம் திருப்பிய தேதி

டயர் கடை முதலாளிக்கு ஒரு பழக்கம். கையில் எந்த வண்டியின் சாவி இருக்கிறதோ அந்தச் சாவியாலேயே காதைக் குடைவார். கண்ணைச் சொருகிக்கொண்டு, வாயை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு, ஆழமாக விட்டுச் சுழற்றுவார். பிறகு வெளியே எடுத்து, நுனியில் என்ன வந்திருக்கிறது என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். சட்டையில் ஒரு இழுப்பு இழுத்துத் துடைத்துவிட்டு, "இந்தாங்க சார், வண்டி ரெடி" என்று அதே சாவியை வண்டிக்காரரிடம் நீட்டுவார். வாங்குகிறவரும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி வாங்கிக்கொண்டு போவார். பதினோரு வருஷமாக இந்தக் கருமத்தைப் பார்த்துப் பார்த்து கடையில் டயர் மாட்டுகிற ஃபிட்டருக்குக் காலை டீ தொண்டையில் இறங்குவதே இல்லை.

காதுக் குடைச்சலையாவது சகித்துக்கொள்ளலாம். மாடியில் தகரக் கதவுக்குப் பின்னால் அடுக்கி வைத்திருந்ததுதான் சகிக்க முடியாத அசிங்கம்.

டயரின் பக்கவாட்டில், ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள், நாலு எண் புடைப்பாக அச்சாகி இருக்கும். முதல் இரண்டு எண் அது செய்யப்பட்ட வாரம், அடுத்த இரண்டும் வருஷம். ரப்பருக்கும் வயசாகும். ஒரு கிலோமீட்டர் ஓடாமல் சும்மா கிடந்தாலும் உள்ளுக்குள் இறுகிக்கொண்டே போகும். பளபளவென்று புதுசு மாதிரி இருக்கும், ஈரத் தாரில் பிடி என்றால் பிடிக்காது. இதில் முதலாளி மாதிரி ஆட்களுக்கு ஒரு பெரிய சௌகரியம், அந்தத் தேதி பெரும்பாலும் டயரின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். எங்கோ மூடிப்போன கிடங்கிலிருந்து அள்ளி வந்த பழைய சரக்குக்குக் கறுப்பு பாலிஷ் அடித்து, தேதி உள்ள பக்கத்தை வண்டிக்கு உள்பக்கமாகத் திருப்பி மாட்டச் சொல்வார். அப்புறம் தேதியைப் பார்க்க வேண்டுமானால் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுக்க வேண்டும். காசு கொடுத்துப் புது டயர் வாங்கியவன் எவன் படுக்கப் போகிறான்?

திருப்பி மாட்டுகிற கை ஃபிட்டருடைய கை. அதற்கு அவன் ஒரு சமாதானம் வைத்திருந்தான். சரக்கு முதலாளியுடையது, கண் வாங்குகிறவனுடையது. யாராவது கேட்டால் மறைக்க மாட்டேன், உள்ளதைச் சொல்லிவிடுவேன். இதுதான் அந்தச் சமாதானம். பதினோரு வருஷத்தில் யாரும் கேட்கவில்லை. போன மாதம் இரண்டு தெரு தள்ளி இருக்கும் பள்ளிக்கூடத்தின் வேன் ஒன்றுக்கு நாலு டயர் அப்படித்தான் போனது. வேன் டிரைவர் ஃபோனில் யாருடனோ சண்டை போட்டுக்கொண்டே நின்றார். அவரும் கேட்கவில்லை. ஃபிட்டர் கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினான்.

இந்த நிலையில்தான் தங்கச்சி ஃபோன் செய்தாள்.

அவள் பால் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். வீட்டிலிருந்து முப்பத்தைந்து கிலோமீட்டர். முப்பத்தோரு கிலோமீட்டர் வழவழவென்ற தார் ரோடு, கடைசி நாலு கிலோமீட்டர் கல் லாரிகள் ஓடி ஓடி நொறுக்கிப் போட்ட ரோடு. தினமும் போய்வர ஒரு ஜீப். அந்த ஜீப்பை அவள் புருஷன் ஸ்பிரிங் மாற்றி மூன்று அங்குலம் உயர்த்தி வைத்திருந்தார். அவருக்கு வேலை வீட்டில், கம்ப்யூட்டர் முன்னால். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டுவார். ஒரு நாள் ஓட்டுகிறவரின் ஆசைக்கு, ஆறு நாள் ஓட்டுகிறவள் தினமும் ஏணியில் ஏறுகிற மாதிரி ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, கால் இன்னும் நடுங்குது" என்றாள் ஃபோனில். அதற்கு முந்தின நாள் மழையில், வளைவில், பிரேக் போட்டிருக்கிறாள். வண்டி நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டே போய், முன்னால் நின்ற கல் லாரிக்கு ஒரு முழம் பின்னால் நின்றதாம். "இருக்கற டயர் மொட்டை ஆயிடுச்சு. என்ன டயர் போடணும்னு நீ சொல்லு. நான் எழுதிக்கறேன். பாப்பா பின்னாடி சீட்ல இல்லாதது என் நல்ல நேரம்."

ஃபிட்டர் சொன்னான், அவள் எழுதிக்கொண்டாள். ஆல் டெரெய்ன் டயர்தான், தாருக்கும் கல்லுக்கும் ரெண்டுக்கும் ஆகும். கம்பெனி சொன்ன சைஸுக்கு மேல் ஒரு சைஸ் போகலாம், அதற்கு மேல் கூடாது. "தேதி இந்த வருஷத்துதா இருக்கணும். மத்தது எதை விட்டாலும் அதை விட்டுடாதே" என்றான். தேதி படிக்க அவளுக்கு அவனே கற்றுக்கொடுத்திருந்தான், அவள் முதல் ஸ்கூட்டர் வாங்கிய காலத்தில். கண்ணை நம்பாதே, கட்டை விரலால் தடவிப் பார் என்று சொல்லிக்கொடுத்திருந்தான். ஊருக்கெல்லாம் ஒளித்த கை, தங்கச்சிக்கு மட்டும் கற்றுக் கொடுத்திருந்தது. பெரிய யோக்கியன்!

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மாப்பிள்ளை ஜீப்பைக் கொண்டுவந்தார். தங்கச்சி அன்று ஆபீஸ் பஸ்ஸில் போயிருந்தாள், மூன்று மணிக்கு நேராகக் கடைக்கு வந்து வண்டியை எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. கல்யாணமாகிப் பத்து வருஷம் ஆனாலும் வீட்டு மாப்பிள்ளை வீட்டு மாப்பிள்ளைதானே. ஃபிட்டர் கையைத் துடைத்துக்கொண்டு, "வாங்க மாப்ள" என்று கடையில் இருந்த ஒரே நல்ல நாற்காலியை இழுத்துப் போட்டான்.

மாப்பிள்ளை உட்காரவில்லை. தொடையில் இரண்டு பை, முழங்காலுக்குக் கீழே இரண்டு பை வைத்த கால்சட்டை, இடுப்பில் மடக்குக் கத்தி, கழுத்தில் ஒரு துணி. பாலைவனத்தைத் தாண்டக் கிளம்பியவர் போல நின்றார். வீட்டிலிருந்து கடைக்கு ஆறு கிலோமீட்டர். நடுவில் மூன்று சிக்னல்.

"கூரை மேல என்ன மாப்ள அது?"

"லைட் பார் மச்சான். எட்டு லைட்டு. சனிக்கிழமைதான் மாட்டினேன்" என்றவர், காட்சிக்கு வைத்திருந்த, சேற்றில் ஓட்டுவதற்கென்றே செய்த மட் டயர் பக்கம் போய்விட்டார். உள்ளங்கை அகலத்துக்குக் கட்டை கட்டையாக ரப்பர் நீட்டிக்கொண்டிருக்கும் டயர் அது. அதன் சந்துகளில் விரலை விட்டு, கண்ணை மூடாத குறையாகத் தடவினார். "டயர்னா இது மச்சான். இதைப் போட்டா வண்டிக்கு ஒரு கெத்து வரும்."

"சேத்துல எங்க மாப்ள ஓட்டப் போறீங்க?"

"ஒரு பேச்சுக்குச் சொல்றேன். திடீர்னு ஒரு ஆத்தைத் தாண்ட வேண்டி வந்தா?"

"எந்த ஆறு?"

மாப்பிள்ளைக்குச் சட்டென்று ஒரு ஆறும் அகப்படவில்லை. அந்த ஜீப் இதுவரை தாண்டியதிலேயே ஆழமான தண்ணீர், வாட்டர் சர்வீஸ் கடையில் தேங்கி நின்ற சோப்புத் தண்ணீர்தான்.

"இங்க பாருங்க" என்று ஃபிட்டர் பொறுமையாகத்தான் ஆரம்பித்தான். "நூத்துக்குத் தொண்ணூறு தார் ரோட்டுல ஓடற வண்டி இது. இந்தக் கட்டை டயர் தாரை முழுசாத் தொடாது. மழையில பிரேக் போட்டா அது பாட்டுக்கு சறுக்கிட்டுப் போகும். காதுக்குள்ள வண்டு பூந்த மாதிரி நாள் பூரா ஒரே இரைச்சல். ஏற்கெனவே தூக்கி வெச்சிருக்கீங்க, வளைவுல சாயுது. ரொம்பப் பெரிய சைஸ் போட்டா ஸ்டியரிங்கை ஒடிக்கறப்ப மட்கார்டுல உரசும். மீட்டர் எழுபது காட்டறப்ப வண்டி எண்பதுக்குப் பக்கத்துல போகும். எவ்வளவு வேகத்துல போறோம்னு ஓட்டற அவளுக்கே தெரியாது. எல்லாம் எழுதிக் கொடுத்திருக்கேனே, கொண்டு வரலையா?"

மாப்பிள்ளை மனசில்லாமல் ஒரு பையிலிருந்து தாளை எடுத்தார். தங்கச்சியின் கையெழுத்து. தேதி என்ற வார்த்தைக்கு அடியில் இரண்டு கோடு போட்டிருந்தாள்.

"சரி, ஆல் டெரெய்னே போடுங்க. ஆனா வெள்ளை எழுத்து இருக்கறதாப் போடுங்க மச்சான். அதுல காம்ப்ரமைஸ் கிடையாது."

டயரின் ஒரு பக்கம் கம்பெனிப் பெயர் வெள்ளையில் பெரிசாக இருக்கும், மறுபக்கம் கறுப்பிலேயே இருக்கும். வெள்ளையை வெளிப்பக்கம் வைத்து மாட்டினால் நூறு அடி தூரத்துக்கு மின்னும். பெண்டாட்டி லாரிக்கு அடியில் போக இருந்தாள், இவருக்கு எழுத்து வெள்ளையாக இருக்க வேண்டும். ஃபிட்டருக்கு நாக்கின் நுனி வரை வந்தது. மாப்பிள்ளை என்ற ஒரே காரணத்துக்காக விழுங்கிக்கொண்டான்.

அப்போது முதலாளி வந்தார், காதில் ஜீப் சாவியோடு. "சார், வாங்க, உள்ள குளுகுளுன்னு உக்காந்து பேசலாம்" என்று மாப்பிள்ளையைக் கண்ணாடி அறைக்குள் கூட்டிக்கொண்டு போனார். கால் மணி நேரம். கண்ணாடிக்குப் பின்னால் இருவரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது தெரிந்தது. வெளியே வந்த முதலாளி, "ஃபிட்டரே, மாடியில இருந்து சார் சைஸுக்கு நாலு இறக்குப்பா" என்றார்.

"மாடியில இருந்தா?"

"ஆமாப்பா. கறுப்புப் பக்கத்தை வெளிய வெச்சு மாட்டு. வெள்ளை எழுத்தெல்லாம் இப்ப யாரும் வெச்சுக்கறதில்ல, பழைய ஃபேஷன். சாரே ஒத்துக்கிட்டாரு."

ஃபிட்டர் மாடிக்கு ஏறினான். எலிப் புழுக்கை நாற்றமும் பாலிஷ் நாற்றமும் சேர்ந்து முகத்தில் அடித்தது. டயரைப் புரட்டி, வெள்ளை எழுத்து உள்ள பக்கத்தில் விரலை ஓட்டினான். தேதியும் அதே பக்கத்தில்தான் இருந்தது. 2216. பதினாறாம் வருஷம், இருபத்திரண்டாவது வாரம். அடுத்ததும் அதே எண். நாலும் அதே எண்தான். விரல் விட்டு எண்ணிப் பார்த்தான், முழுசாக எட்டு வருஷம். தங்கச்சி மகள் இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள், ஏழு வயசு. டயர் அவளுக்கு அண்ணன்! பள்ளங்களுக்குள் முடி முடியாக வெடிப்பு ஓடியிருந்தது. பாலிஷ் அதன் மேல் வழிந்து மினுமினுத்தது. நகத்தை வைத்து அழுத்தினான். நகம் வலித்ததே தவிர ரப்பர் இறங்கிக் கொடுக்கவில்லை. சே, இதுவும் ஒரு பிழைப்பா என்று வாய்விட்டுச் சொன்னான்.

பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக, யாரும் கேட்காமலே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தான். வேலை போனால் போகட்டும். அப்படி முடிவு செய்ததில் அவனுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. டயரை உருட்டிக்கொண்டு வந்து போட்டுவிட்டு, மாப்பிள்ளையை கம்ப்ரஸருக்குப் பின்னால் தனியாக அழைத்துப் போனான். மோட்டார் இரைச்சலில் குரல் வெளியே கேட்காது.

"மாப்ள, இந்த டயர் வேணாம். எதையாவது சொல்லி வண்டியை எடுத்துட்டுப் போயிடுங்க. இது எட்டு வருஷத்து டயர். உங்களை ஏமாத்தறாரு."

மாப்பிள்ளை அவன் தோளில் கை போட்டார். "அட போங்க மச்சான். எனக்குத் தெரியாதா? அவர் எல்லாத்தையும் சொல்லித்தான் கொடுத்தாரு. அதனாலதானே பாதி விலை."

ஃபிட்டர் தரையில் கிடந்த டயரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ஒரு நாள்கூட ஓடாத டயர் மச்சான். புதுசுதானே அது? தேதி கிதி எல்லாம் கம்பெனிக்காரன் கிளப்பி விடறது. உங்க தங்கச்சிகிட்ட இதைச் சொன்னா கேப்பாளா? வீட்டை ரெண்டாக்கிடுவா. அதான் தேதியை உள்பக்கமாப் போடச் சொன்னேன். அவளுக்குத்தான் அந்த நம்பரைப் படிக்கத் தெரியுமே. நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க?"

"டயருக்குன்னு அவ கொடுத்த பணத்துல மீதிப் பாதி?"

மாப்பிள்ளையின் கண் அவரை அறியாமல் ஜீப்பின் கூரைக்குப் போய் வந்தது. எட்டு விளக்கு. சனிக்கிழமை. இன்று டயர் மலிவாகக் கிடைக்கும் என்று சனிக்கிழமையே தெரிந்திருக்கிறது.

"முதலாளிகிட்ட ஃபோன்லயே பேசி முடிச்சிட்டீங்களா?"

"வெள்ளை எழுத்தும் தேதியும் ஒரே பக்கமா இருந்து தொலைச்சிடுச்சு மச்சான்" என்று மாப்பிள்ளை பெருமூச்சு விட்டார். "அதுதான் எனக்கு வருத்தமே. எத்தனை நாள் ஆசை தெரியுமா?"

அந்தப் பெருமூச்சு உண்மையானது. அதுதான் குமட்டலாக இருந்தது. மனுஷன் பெண்டாட்டியை நினைத்து வருத்தப்படவில்லை, லாரியின் பின்பக்கத்தை நினைத்து வருத்தப்படவில்லை, எழுத்துக்கு வருத்தப்பட்டார். கண்ணோரம் லேசாகக் கலங்கியிருந்தால்கூட ஆச்சரியப்படுவதற்கில்லை. ஃபிட்டருக்குத் தோளில் கிடந்த அந்தக் கையைத் தட்டிவிட்டுக் குழாயடியில் போய்ச் சட்டையைக் கழற்றித் துவைக்க வேண்டும் போல இருந்தது.

அவன் தட்டிவிடவில்லை. "வண்டியை ஓட்டப் போறது நீங்களா, அவளா?" என்று மட்டும் கேட்டான்.

"ஞாயித்துக்கிழமை நானும் ஓட்டறேன்ல" என்றார் மாப்பிள்ளை.

தங்கச்சிக்கு ஃபோன் செய்யலாம். எண் கையிலேயே இருந்தது. இரண்டு முறை எடுத்துப் பார்த்துவிட்டு இரண்டு முறையும் பையிலேயே போட்டான். என்னவென்று சொல்வது? உன் புருஷன் இப்படி என்று சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்பாள். எங்கள் கடையில் இப்படித்தான் நடக்கும் என்று சொல்ல வேண்டியிருக்கும். எத்தனை நாளாக என்பாள். அந்தக் கேள்வி வரைக்கும் போக அவனுக்குத் தெம்பில்லை. நாற்பத்து மூன்று வயசு ஆம்பிளை, தங்கச்சியின் ஒரு கேள்விக்குப் பயந்து கம்ப்ரஸர் பக்கத்தில் ஆடு திருடியவன் போல நின்றான்.

ஆகவே வாயால் சொல்ல முடியாததைக் கையால் செய்தான். மொட்டை டயர் நாலையும் கழற்றினான். ரிம்மின் விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவி, மிஷினில் ஏற்றி, முதல் டயரை வெள்ளை எழுத்து வெளிப்பக்கம் வரும்படி மாட்டினான். இரண்டாவதையும் மூன்றாவதையும் அப்படியே. நாலாவதற்குக் காற்று அடிக்கும்போது முதலாளி கண்ணாடி அறையிலிருந்து பாய்ந்து வந்தார்.

"யோவ், உனக்கு என்ன சொன்னேன்? பதினோரு வருஷமா மாட்டற கை, இன்னைக்கு எந்தப் பக்கம்னு மறந்து போச்சா?"

"மாப்பிள்ளை வெள்ளை எழுத்துதான் வேணும்னாரு" என்றான் ஃபிட்டர், நிமிராமலே.

"கழட்டு. எல்லாத்தையும் திருப்பு."

ஃபிட்டர் கழற்றியிருப்பான். அதைச் சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும். இன்னொரு அதட்டல் போட்டிருந்தால் நாலையும் கழற்றித் திருப்பி மாட்டியிருப்பான், பழகின கை. காப்பாற்றியது மாப்பிள்ளையின் ஆசைதான். அவர் ஜீப்பைச் சுற்றி ஒரு சுற்று வந்தார். பின்னால் தள்ளி நின்று பார்த்தார். குனிந்து பார்த்தார். முகம் மலர்ந்து போயிற்று.

"சார், இருக்கட்டும் சார்" என்றார் முதலாளியிடம். "என்னா அழகு பாருங்க! இதைப் போய்த் திருப்பச் சொல்றீங்களே. அவ வர்றது ஏறி உக்காந்து ஓட்டிட்டுப் போக. டயருக்குப் பக்கத்துல குனிஞ்சு உக்காந்து பாக்கவா போறா? கொஞ்சம் பாலிஷ் கொடுங்க, அந்த நம்பர் மேல அப்பிடலாம்."

கறுப்பு பாலிஷ் டப்பாவை வாங்கி, மாப்பிள்ளை தரையில் முட்டி போட்டு உட்கார்ந்தார். நாலு சக்கரத்துக்கும் போய், நாலு எண்ணின் மேலும் விரலால் அப்பினார். குழந்தைக்குத் திருஷ்டிப் பொட்டு வைக்கிற மாதிரி அத்தனை பதமாக வைத்தார். அப்பிவிட்டு, விரலைக் கழுத்துத் துணியில் துடைத்துக்கொண்டார். ஃபிட்டர் வாயில் ஊறிய எச்சிலைச் சாக்கடையில் துப்பிவிட்டு வந்தான்.

தங்கச்சி மூன்று மணிக்குச் சொன்னபடி வந்தாள். தோளில் சாப்பாட்டுப் பை, கையில் மடக்கிய குடை. "முடிஞ்சிடுச்சாண்ணா?" என்று சிரித்துக்கொண்டே வந்தவள், வெள்ளை எழுத்தைப் பார்த்துப் புருஷனிடம், "உங்க ஆசை தீந்துச்சா?" என்றாள். முகத்தில் அத்தனை நிம்மதி. ஃபிட்டர் ஸ்பேனரைத் துடைத்தான். துடைத்ததையே திரும்பத் துடைத்தான்.

"கிளம்பலாமா? மழை வர்ற மாதிரி இருக்கு" என்றார் மாப்பிள்ளை.

"இருங்க. ஒரு நிமிஷம்."

புடவையை முழங்காலுக்கு ஒதுக்கிக்கொண்டு முன் சக்கரத்துக்கு எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். கண்ணால் தேடவில்லை. கட்டை விரலை விளிம்பை ஒட்டி வைத்து மெதுவாக ஓட்டினாள். ஒரு இடத்தில் விரல் நின்றது. பாலிஷ் பிசுபிசுவென்று ஒட்டியது. அதற்குள் புடைத்திருந்த எண்களை ஒவ்வொன்றாகத் தடவினாள்.

"ரெண்டு. ரெண்டு. ஒண்ணு. ஆறு."

எழுந்து பின் சக்கரத்துக்குப் போனாள். அங்கேயும் உட்கார்ந்து தடவினாள். பிறகு கறுப்பான கட்டை விரலைப் பார்த்தாள். புருஷனின் கழுத்துத் துணியில் இருந்த கறுப்பைப் பார்த்தாள். நிமிர்ந்து ஜீப்பின் கூரையைப் பார்த்தாள்.

"பாப்பா பொறக்கறதுக்கு முன்னாடி செஞ்ச டயர்" என்றாள்.

"ஓடாத டயர்மா. முதலாளியே..."

"பேசாதீங்க" என்றாள் தங்கச்சி. கத்தவில்லை. தட்டில் கிடக்கிற முடியை எடுத்து வெளியே போடுகிற மாதிரிச் சொன்னாள். "உங்க குரலைக் கேட்டாலே குமட்டுது. வண்டி இங்கயே நிக்கட்டும். இதுல நான் ஒரு அடிகூட ஓட்ட மாட்டேன்."

முதலாளி பெரிய மனுஷராகக் குறுக்கே வந்தார். "அம்மா, கோவப்படாதீங்க, பேசித் தீத்துக்கலாம். இந்தாங்க சாவி" என்று, காதிலிருந்து எடுத்ததை அப்படியே நீட்டினார்.

"மேசை மேல வைங்க" என்றாள் அவள்.

எல்லோர் முன்னாலும் இப்படி அவமானப்பட்டதை மாப்பிள்ளையால் தாங்க முடியவில்லை. பழியை யார் மேலாவது தூக்கிப் போட்டே ஆக வேண்டும். "என்னை மட்டும் சொல்லு! உங்க அண்ணன் ரொம்ப யோக்கியரோ? இந்தக் கடையில மாடி டயர் எல்லாத்தையும் தேதியை உள்பக்கமாத் திருப்பி மாட்டறது அவர்தான். பதினோரு வருஷமா மாட்டறாரு. பழகின கை, வெளிய ஒண்ணும் தெரியாத மாதிரி மாட்டிடுவாருன்னு முதலாளியே என்கிட்டச் சொன்னாரு. கேளு, கேட்டுப் பாரு!"

தங்கச்சி அண்ணன் பக்கம் திரும்பினாள். இல்லை என்று சொல்வான் என்றுதான் எதிர்பார்த்தாள். அது அவள் முகத்திலேயே தெரிந்தது.

"அண்ணா?"

கேட்டால் சொல்லிவிடுவேன் என்று இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்தவனை இதோ ஒருத்தி கேட்டுவிட்டாள். வாய் திறக்கவில்லை. தலை மட்டும் ஆடியது, ஆமாம் என்று.

அவள் அவனையே பார்த்தாள். மாப்பிள்ளையைப் பார்த்த பார்வைதான். அதே அருவருப்பு, ஒரு துளி கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. பிறகு அவளுக்கு ஏதோ ஞாபகம் வந்தது.

"போன மாசம் ஸ்கூல் வேனுக்குப் புது டயர் போட்டாச்சுன்னு பாப்பா வந்து சொன்னா. 'மாமா கடையிலதாம்மா போட்டாங்க'ன்னு குதிச்சா. நீ மாட்டினதா?"

"அஞ்சு வேன் இருக்கும்மா அந்த ஸ்கூலுக்கு" என்றான் ஃபிட்டர். குரல் அவனுக்கே கேட்கவில்லை. "எந்த வேன்னு நான் கேக்கல. பாப்பா வேனா இருக்காதுன்னு..."

"எந்த வேனா இருந்தா என்னண்ணா?" என்றாள் அவள்.

சுவரில் கடிகாரம் மூன்று இருபது. பள்ளிக்கூடம் விடுவது மூன்றரைக்கு. முதல் தூறல் தகரக் கூரையில் விழ ஆரம்பித்திருந்தது. ஃபிட்டர் டார்ச்சை எடுத்தான். "எங்கப்பா போற? வாயைத் திறந்தே, அப்புறம் இந்தப் பக்கம் வந்துடாதே" என்று முதலாளி கத்தியது முதுகுக்குப் பின்னால் கேட்டது. திரும்பிப் பார்க்காமல் ஓடினான். நடுவயசில், எண்ணெய்ச் சட்டையோடு, தெருவில் போகிறவர்கள் ஒதுங்கி நின்று பார்க்க ஓடினான்.

பள்ளிக்கூட வாசலில் ஐந்து வேனும் வரிசையாக நின்றன. எல்லாம் ஒரே நிறம், ஒரே உயரம். எதற்கு மாட்டினோம் என்று அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. டயர்கள் எல்லாமே வெளிப்பக்கம் நன்றாகத்தான் இருந்தன. முதல் வேனுக்கு அடியில் மல்லாந்து படுத்தான். ஈரம் முதுகில் ஏறியது. டார்ச் வெளிச்சத்தில் உள்பக்கத்தைத் தடவினான், நல்ல தேதி. இரண்டாவதும் நல்ல தேதி. மணி அடித்தது. மூன்றாவதற்கு அடியில் அவன் நுழைந்தபோது வேனைச் சுற்றிக் குழந்தைகளின் கால்கள் வந்துவிட்டன. சின்னச் சின்னக் கறுப்பு ஷூக்கள், ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, வரிசையாக.

கட்டை விரல் எண்ணைத் தொட்டது. படிக்கவே வேண்டியிருக்கவில்லை. நீள்வட்டத்தை ஒட்டி அவன் கைப்பட்ட பாலிஷ் அப்படியே காய்ந்து கிடந்தது.

"யாருய்யா அடியில? என்ன தேடற?" என்று டிரைவர் குனிந்தார்.

அவருக்குப் பக்கத்தில் இன்னொரு முகமும் தலைகீழாகக் குனிந்தது. இரட்டைச் சடை தரையைத் தொட்டது. "மாமா!" என்றாள் தங்கச்சி மகள், சந்தோஷம் தாங்காமல். "இது எங்க வேன் மாமா! நீங்க போட்ட டயர்!"

ஃபிட்டர் வேனுக்கு அடியிலிருந்து தவழ்ந்து வெளியே வந்தான். அதற்குள் ஏறுவதற்குப் படிக்கட்டில் ஒரு காலை வைத்திருந்த பாப்பாவை இடுப்பில் பிடித்துத் தூக்கிக் கீழே இறக்கினான். டிரைவரிடம் திரும்பி, மழை இரைச்சலுக்கு மேல், எல்லோர் காதிலும் விழும்படி சொன்னான்.

"இந்த வேன்ல ஒரு பிள்ளையையும் ஏத்தாதீங்க. இது பழைய டயர். தெரிஞ்சே மாட்டினேன். மாட்டினவன் நான்தான்."